அரசி செவ்வரியின் வசனம்

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் ‘முகிலரண்’ வாசகர் சந்திப்பு நடந்தது. நாவலாசிரியர் நம்பிராஜன் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சங்கரேஸ்வரி முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் இருந்தாள். ஓரமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் விடமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

முகிலரண் என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்கு மேலே ஒரு கோட்டை, கீழே ஒன்பது நாடு, நடுவில் முடியவே முடியாத ஒரு போர். ஆறு பாகம் வந்துவிட்டது, ஏழாவதோடு முடிகிறது. காலேஜ் பிள்ளைகள் அதன் வரைபடத்தை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். அதில் அரசி செவ்வரி என்று ஒருத்தி வருகிறாள். ஒன்பது நாட்டிலும் அவளைப்போல ஒரு கொடும்பாவி கிடையாது. வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், அப்படிப் பேசுவாள். வாசகர்கள் அவளைத் திட்டித் தீர்க்கிறார்கள். அவள் வராத அத்தியாயத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் அவர்கள்தான்.

வாசகர் குழுவை நடத்துகிற ஜெயபிரியா, பாவூர்சத்திரத்துப் பெண், மைக்கை வாங்கிக் கேட்டாள். “சார், இவ்வளவு பெரிய ஒலகத்த ஒத்த ஆளா உண்டாக்கியிருக்கீங்க. ஒங்களுக்கு இன்ஃப்ளூயன்ஸ் எது? எப்படி எழுதுதீங்க?”

நம்பிராஜனுக்கு இந்தக் கேள்வி என்றால் அல்வா. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“மொதல்ல மலைதான்,” என்றார். “பொறந்ததுலேர்ந்து மேக்க பாத்தா மலை நிக்குது. அதுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு சின்னதுல கேட்டா எவனும் ஒழுங்கா சொல்லல. அதான் நானே எழுதுனேன். ரெண்டாவது, கோயில் கொடை. வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவன் நான். நம்ம சாமியெல்லாம் யாரு? வெட்டுப்பட்டவன், குத்துப்பட்டவன், நம்பி மோசம்போயி செத்தவ. செத்த பெறவுதான் சாமி. கொன்னவன் வம்சந்தான் பொங்கல் வைக்கணும். இத விட பெரிய ஃபேன்டசி எந்த ஊர்ல இருக்கு?”

ஹால் கைதட்டியது. அவர் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார். “எழுதுததுன்னா, மொதல்ல மேப் போடுவேன். ஆறு எங்கன பொறக்குது, எந்த ஊருக்குத் தண்ணி போவுது, எந்த ஊருக்குப் போவல. அத மட்டும் ஒழுங்கா போட்டா சண்டை தானா வந்துரும். அப்புறம் மந்திரம். மந்திரத்துக்கு வெல வேணும். ஒருத்தன் மந்திரம் போட்டா இன்னொருத்தன் எதையாவது எழந்தாகணும். வெலையில்லாத மந்திரம் சர்க்கஸ். கடேசில ஆளு. ஆள மட்டும் நான் கற்பனை பண்ணுததே இல்ல. உசுரோட இருக்க ஆளப் பாத்துதான் எழுதுவேன்.”

சொல்லிவிட்டு முதல் வரிசை ஓரத்தைப் பார்த்துச் சிரித்தார். ஹால் முழுக்கத் திரும்பியது. செல்போன்கள் உயர்ந்தன. பின்னாலிருந்து ஒருவன் எழுந்து, “மேடம், அந்த வசனத்த ஒரு தடவ சொல்லுங்க, ப்ளீஸ்,” என்றான்.

எந்த வசனம் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வெட்டின மரத்தின் நிழலில் வந்து நிற்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா?’ துரோகம் செய்த சேனாதிபதியைப் பார்த்துச் செவ்வரி கேட்பது. அசலில் அது மேலகரத்தில் அவர்கள் வீட்டு வாசலில், வேப்பமரத்துக் கிளையைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டு மிச்ச நிழலிலேயே பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தின பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சங்கரேஸ்வரி கேட்டது. அவளுக்கு அதற்காக யாரும் கைதட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அன்றிலிருந்து பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அவள் சொல்லவில்லை. சிரித்து வைத்தாள். “சிரிக்கும்போதும் மொறைக்காங்க பாரு, செவ்வரியேதான்,” என்று யாரோ சொல்ல, ஹால் சிரித்தது.

அப்போதுதான் நம்பிராஜன் அந்த வெடியைக் கொளுத்திப் போட்டார். “ஏழாம் பாகத்துல செவ்வரி ஏன் இப்படி ஆனான்னு சொல்லப்போறேன். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்திச்சு.”

செல்போன்கள் மறுபடி உயர்ந்தன. சங்கரேஸ்வரி கையிலிருந்த காப்பி தம்ளரைத் தரையில் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விஷக் காய்ச்சல் வந்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டது. அப்பா அப்போது சென்னையில் இருந்தார். முதல் பாகத்தின் வெளியீட்டு விழா. “காய்ச்சல்தான, எறங்கிரும், நான் நாளைக்கு வந்துருதேன்,” என்று போனில் சொன்னார். வந்தார். வரும்போது விழாவில் போர்த்தின சால்வை பையில் இருந்தது. கடைசி நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருந்தது அம்மா ஒருத்திதான். பிள்ளை என்னவோ சொன்னது, அம்மா பதிலுக்கு என்னவோ சொன்னாள். அது என்ன என்று அந்த அம்மாவைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அதுவரை சங்கரேஸ்வரி வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். பிள்ளை போன பிறகுதான் அவளுக்கு நாக்கு முளைத்தது. பால்காரனிலிருந்து பந்தல்காரன்வரை எவனையும் விடமாட்டாள். ஆத்திரம் எங்கே போகும், எதன் வழியாகவாவது வெளியே வரத்தானே செய்யும்.

நம்பிராஜனின் முதல் பாகம் அப்போது கடையில் தூங்கிக்கொண்டிருந்தது. மேப் நன்றாக இருக்கிறது, மந்திரம் நன்றாக இருக்கிறது, மனுஷர்கள்தான் அட்டையில் வெட்டி ஒட்டினமாதிரி இருக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். மனுஷன் நொந்துபோய்ச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஒருநாள் வாசலில் அவள் கேஸ் சிலிண்டர்காரனைக் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தார். அதை அப்படியே எடுத்து, கொஞ்சம் ராஜபாஷை பூசி, ஒரு ராணியின் வாயில் வைத்தார். அன்று பிறந்தவள்தான் செவ்வரி. இரண்டாம் பாகம் எங்கேயோ போய்விட்டது. பெண்டாட்டி துக்கத்தில் பேசின பேச்சுக்கு அவருக்கு விருது வந்தது.

தானாக வருகிற வசனத்தோடு நிறுத்தியிருந்தால்கூட மனுஷன் என்று சொல்லலாம். பாகம் கூடக்கூட வசனம் போதவில்லை. சட்டைப் பையில் செல்போனை ரெக்கார்டில் போட்டுக்கொண்டு அவள் வாயைக் கிளற ஆரம்பித்தார். குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அவளைக் குற்றம் சொல்வார். அவள் கல்யாணப் பட்டுப்புடவையைத் தூக்கி யாருக்கோ தானம் கொடுத்துவிட்டு என்ன சொல்கிறாள் என்று பார்ப்பார். நான்காம் பாகத்தில் அரசிக்குத் தகப்பன் செத்த சேதி வருகிற இடம் ஒன்று இருக்கிறது, படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அது எப்படி எழுதப்பட்டது தெரியுமா? சங்கரேஸ்வரியின் அப்பா வீரகேரளம்புதூரில் இருந்தார். நம்பிராஜன் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குள் வந்து, “ஏட்டி, ஒங்கப்பா போயிட்டாரு,” என்றார். அவள் காலில் செருப்புகூட இல்லாமல் பஸ்ஸ்டாண்டுக்கு ஓடினாள். தார் ரோட்டில் அவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். பஸ்ஸில் அவள் மாரில் அடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனால் அப்பா கால் நீட்டி உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். “யாரோ தப்பா சொல்லிட்டானுவ,” என்றார் மருமகன்.

அடுத்த வருஷம் அப்பா நிஜமாகவே போனபோது அவளுக்கு அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவளுடைய அழுகைதான் ஏற்கெனவே புத்தகத்தில் விலைக்கு வந்துவிட்டதே, மறுபடி எங்கே போவாள்.

லாட்ஜ் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நம்பிராஜன் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். குரல் வெல்லமாக இருந்தது.

“சங்கரி, கடேசில அவ ஒங்கிட்ட என்ன சொன்னா?”

அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“ஒன்னத்தான கேக்கேன். நீ என்ன பதில் சொன்ன? அது மட்டும் தெரிஞ்சா போதும், இந்தப் புஸ்தகம் எங்கேயோ போயிரும்.”

“அது கிடையாது,” என்றாள். “வேற எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டா எடுத்தீங்க? அது மட்டும் கிடையாது.”

“எனக்கும் பிள்ளதானட்டி அவ.”

“ஆமா. அங்கன இருந்திருந்தா ஒங்களுக்கும் கேட்டிருக்கும்.”

அது இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த சொல். அவர் முகம் வாடும், குறைந்தபட்சம் தலையைக் குனிவார் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் தூண்டிலில் நல்ல மீன் விழுந்தவனின் சந்தோஷம். கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது, உள்ளே செல்போன் ஓடுகிறதா என்று.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கொடுக்கமாட்டேன் என்று சொல்வதும் கொடுப்பதுதான். அவள் மறுத்தால் செவ்வரி மறுப்பாள், அழுதால் செவ்வரி அழுவாள், திட்டினால் அந்த வாரமே அது டைப் ஆகிவிடும். எப்படியும் பேச்சுக்கொடுத்துப் பேச்சுக்கொடுத்து ஒருநாள் அதையும் உருவிவிடுவார். இவ்வளவு நாள் பேசினதே பிசகு என்று நினைத்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள். வாயை மூடினாள். அதோடு சரி.

முதல் வாரம் அவர் அதைக் கோபம் என்று நினைத்தார். அதுவும் லாபம்தான் என்று நினைத்துக் காத்திருந்தார். கேட்டதற்குத் தலையாட்டல், சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர் தம்ளர். காய்காரியிடம் விரலைக் காட்டி வாங்கினாள். செவ்வரி ஊமையாகிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரே சொந்தமாக எழுதிப் பார்த்தார். சாகக் கிடக்கிற குட்டி இளவரசி, ‘அம்மா, நான் விண்மீனாகப் போகிறேன், அழாதே’ என்கிறாள். அரசி, ‘மகளே, இருளின் மடியில் நீ ஒளி’ என்கிறாள். சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்து, “சார், இதுல செவ்வரியே இல்லையே,” என்றார். அது அவருக்கும் தெரியும். அட்டை மனுஷர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிறகு கிளறல் கொடூரமானது. அவள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பிள்ளையின் சிலேட்டை எடுத்து அடுப்பு மேல் வைத்தார். அவள் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். பீரோவைத் திறந்து பிள்ளையின் மஞ்சள் கவுனை எடுத்தார். அதில் இன்னும் அந்தப் பவுடர் வாசனை இருந்தது, அவள் எப்போதாவது எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். அதை வாசலுக்குக் கொண்டுபோய், வாளித் தண்ணீரில் முக்கி, அவள் பார்க்கும்படியாக ஸ்கூட்டரைத் துடைத்தார். சக்கரத்துச் சேற்றையும் துடைத்தார். துடைக்கும்போது வண்டியைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது.

அவள் நிலைப்படியில் நின்றாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்து நாடிவரை இறங்கியது. கத்தவில்லை. அவர் முடித்துப் போட்டுவிட்டுப் போனதும் கவுனை எடுத்துச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டாள். வாசனை போய்விட்டது.

“கல்லுளிமங்கி,” என்றார் அவர். அதையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோட்டி பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். தெருவில் சொன்னார், உறவில் சொன்னார். சிவகிரியில் போலீஸில் இருக்கிற அவள் தம்பி இசக்கிதுரை, மனைவி வேல்விழியைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“யக்கா, எங்கிட்டயாவது பேசுக்கா,” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கும் பேசத் துடித்தது. மேஜைமேல் அவள் புருஷனின் செல்போன் கவிழ்ந்து கிடந்தது. தம்பி நல்லவன்தான், ஆனால் அவனிடம் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் அத்தானிடம் சொல்லிவிடுவான். அத்தான் புத்தகம் என்றால் ஸ்டேஷனில் அவனுக்கு அத்தனை பெருமை. அவள் அவன் தலையைத் தடவினாள். அதைப் பார்த்து அவன் இன்னும் அழுதான்.

“அத்தான், டாக்டர்ட்ட அப்புறம் போவோம். மொதல்ல குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி தலையக் காட்டுவோம்,” என்றான்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். யாருக்காவது புத்தி பிசகினால் அருவிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்துவார்கள். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர், உச்சந்தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று நம்பிக்கை. ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் ஆளைக் கட்டி வண்டியில் கொண்டுவந்ததும் உண்டு. வாய் பேசாமல் கிடக்கிறவர்கள் அந்த அடியில் கத்திவிடுவார்கள், உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பார்கள்.

“எல்லாத்தையும் சொல்லிருவாளா?” என்று கேட்டார் நம்பிராஜன்.

“சொல்லிருவா அத்தான். எங்க ஸ்டேஷன் ஏட்டையா கொழுந்தியா அப்படித்தான், மூணு மாசமா பேசாதவ அருவில நின்னு மடமடன்னு பேசிட்டா.”

நம்பிராஜனின் முகம் தெளிந்தது. ஒரே ஒரு சங்கடம். மெயின் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் தனி, அவரால் அங்கே போக முடியாது. உடனே பாவூர்சத்திரத்துக்குப் போனைப் போட்டு ஜெயபிரியாவை வரச்சொன்னார். செவ்வரிக்கு உடம்பு சரியில்லை என்றதும் அந்தப் பிள்ளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டது. குற்றாலத்துக் கடையில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி, செல்போனை ரெக்கார்டில் போட்டு அதற்குள் வைத்து, ஜெயபிரியாவின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“அவ வாய்க்குப் பக்கத்துலயே நில்லும்மா. என்ன சொன்னாலும் ஒரு வார்த்த விட்டுறக் கூடாது. டாக்டருக்குத் தேவப்படும்,” என்றார். அது பொய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாரல் முகத்தில் விழுந்தது. சிப்ஸ் கடையில் எண்ணெய் கொதித்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள் மினுமினுவென்று அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் ஆளை மயக்கித் தன்னையறியாமல் பேச வைத்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, பேசிவிட்டால்? ஒன்பது வருஷம் பொத்தி வைத்தது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடுமா? வேல்விழி ஒரு கையைப் பிடித்தாள், ஜெயபிரியா இன்னொரு கையை. இரண்டு பேரும் அவளை உள்ளே இழுத்துப்போனார்கள்.

முதல் அடியில் மூச்சு நின்றுவிட்டது. தலையில் கல் மழை பொழிகிற மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. திறந்தபோது வேல்விழி காதருகில் வந்து என்னவோ கத்துவது தெரிந்தது. ‘மதினி’ என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஜெயபிரியாவும் என்னவோ சொல்கிறாள், அவள் கழுத்தில் செல்போன் ஆடுகிறது. அதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் பெண்கள் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், குழந்தைகள் வாயைத் திறந்து அழுகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரின் சத்தம் தவிர அங்கே எந்தச் சத்தமும் கிடையாது.

அட, என்று இருந்தது அவளுக்கு.

வாயைத் திறந்தாள். முதலில் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். ஒன்பது வருஷமாகச் சொல்லாத பெயர், நாக்கில் ஏறவே கொஞ்சம் தடுமாறியது. மறுபடி சொன்னாள், பலமாக. பிறகு அது கடைசியில் கேட்டதைச் சொன்னாள், தான் சொன்ன பதிலைச் சொன்னாள். அப்பாவுக்கு அழாத அழுகையை அழுதாள். மஞ்சள் கவுனைப் பற்றிச் சொன்னாள். புருஷனைப் பற்றியும் சொன்னாள், அச்சில் ஏறாத சில வார்த்தைகள். தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி அவளைப் பார்த்து, குளிருக்குக் கத்துகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, போலீஸ்காரம்மா விசிலடித்து வரிசையை நகர்த்துகிறவரை பேசினாள்.

ஆண்கள் பக்கத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நம்பிராஜன் அவள் உதட்டைப் பார்த்தார். “பேசுதா, பேசுதா,” என்று இசக்கிதுரையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அப்படிக் குதித்து யாரும் பார்த்ததில்லை.

காரில் ஏறினதும் ஈரத்தோடு செல்போனை வாங்கிக் காதில் வைத்தார். ஓ என்று ஒரே இரைச்சல். முன்னால் தள்ளிப் பார்த்தார், பின்னால் தள்ளிப் பார்த்தார். இரைச்சல். ஜெயபிரியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“கேக்கல சார். வாய்க்குப் பக்கத்துலயே நின்னேன், ஒண்ணுமே கேக்கல,” என்றாள் அந்தப் பிள்ளை. பிறகு தயங்கி, “ஆனா ரொம்ப நேரம் பேசுனாங்க,” என்றாள்.

“இங்கன நிறுத்து தம்பி,” என்றாள் சங்கரேஸ்வரி. எல்லாரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். “குளிருது. ஒரு சுக்குக் காப்பி குடிச்சிட்டுப் போவோம்.”

இசக்கிதுரை காரை நிறுத்திவிட்டு அருவி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். நம்பிராஜனுக்குக் காப்பி இறங்கவில்லை. “அங்கன என்னட்டி சொன்ன?” என்றார்.

“எல்லாத்தையும் சொன்னேன்.”

“என்னன்னு?”

“ஒங்க போனுலதான் இருக்கே,” என்றாள்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு அதே வேலையாகப் போயிற்று. இயர்போனை மாட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார். எவனோ சத்தத்தைப் பிரித்துத் தருகிறேன் என்றான், அவனிடமும் கொடுத்தார், இன்னும் சுத்தமான தண்ணீர்ச் சத்தமாகத் திரும்பி வந்தது. அவள் இப்போது எல்லாரிடமும் பேசினாள், அவரிடமும்தான். அரிசி தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, அவ்வளவு. திட்டுவதை விட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர் எழுதினார். எழுதின தாளைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டுவார்.

“இதா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படிப்பாள். “இல்ல,” என்று திருப்பிக் கொடுப்பாள். அவர் கிழித்துப் போட்டுவிட்டுப் போய் மறுபடி எழுதுவார்.

சீசன் முடிந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விண்மீன் போயிற்று, இருளின் மடி போயிற்று, தாள்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. கோட்டை கழன்று விழுந்தது. அரசி போய், வெறும் அம்மா என்று வந்தது. ஒருநாள் தாளைக் கொடுக்கும்போது அவர் சட்டைப் பையில் செல்போன் இல்லை என்பதை அவள் கவனித்தாள். இன்னொரு நாள் பீரோ முன்னால் அந்தக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அந்தப் பிள்ளையை அவர் யோசித்தது அப்போதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மழை கொட்டின ஒரு மத்தியானம் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். கண் சிவந்து வீங்கியிருந்தது. “தெனமும் படுக்கப்போகும்போது பிள்ள நம்மகிட்ட ஒண்ணு கேக்குமே, ஞாபகம் இருக்கா. எனக்கு நேத்துதான் ஞாபகம் வந்திச்சு,” என்றார். தாளை நீட்டினார். ஒரே ஒரு பக்கம்.

அவள் வாங்கிப் படித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். பிள்ளை கேட்கிறது. அம்மா சொல்கிறாள்.

அப்படியே இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. தான் சொன்ன பதில்கூட, மூச்சு முட்டி நிறுத்தின இடம்கூட அப்படியே இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அந்தத் தாளில் உயிரோடு பேசியது. எந்த வாயையும் கிளறாமல், எவள் வயிற்றையும் எரிக்காமல், இந்த மனுஷன் தானாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்காக அழலாம். அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

“இதா, சங்கரி?” என்றார். “இதுதானா?”

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். தார் ரோட்டில் கொப்பளித்த உள்ளங்காலும், ஸ்கூட்டர் சக்கரத்துச் சேறும் அவளுக்கு மறக்கவில்லை.

“இல்ல,” என்றாள்.

அவர் நம்பிவிட்டார். அவளிடம் பொய் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, இத்தனை வருஷம் அவள் வாயிலிருந்து எடுத்ததெல்லாம் நிஜம்தானே. தாளை வாங்கி நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள், அப்படியானால் இல்லைதான். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அவர் மேஜைக்குப் போய் இன்னொரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.